வெள்ளி நதிக்கரை வேஷதாரிகள்

அர்ஜென்டினா, பிரேசில் என்னும் இரண்டு மகா தேசங்களுக்கிடையே, வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும்படி கிடக்கிற உருகுவே நாட்டை வெளியுலகத்தார் நினைவுகூர்வது பெரும்பாலும் கால்பந்தாட்டத்தை முன்னிட்டுத்தான். 1930இல் முதல் உலகக் கோப்பைப் போட்டியைத் தன் தலைநகரான மொண்டெவிடியோவிலே நடத்தி, அதைத் தானே வென்றும் கொண்ட கீர்த்தி அதற்கு உண்டு. ஆனால், ஏறக்குறைய முப்பத்தைந்து லட்சம் ஜனங்களே உள்ள அத்தேசம் தனக்கென ஒரு சங்கீதத்தையும், ஒரு வீதி நாடகத்தையும், ஒரு சித்திர மரபையும் வளர்த்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பிறருக்கு விற்பதில் அதிக சிரத்தை கொள்ளாமல், ஆண்டுதோறும் தானே ஆக்கித் தானே அனுபவித்துத் தீர்த்துவிடுகிறது என்பது, மொண்டெவிடியோ நகரில் ஒரு கார்னிவல் பருவத்தைக் கழித்தவர்களுக்கே நன்கு விளங்கும்.

புவெனஸ் அயர்ஸிலிருந்து கப்பலில் வருகிறவர்களை வரவேற்பது, பெயரில் வெள்ளியும் நிறத்தில் சேறுமாக, அக்கரை தெரியாமல் விரிந்துகிடக்கும் ரியோ டி லா பிளாட்டா என்ற நதி. அந்த நதியை அணைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு செல்லும் ரம்ப்ளா என்ற கரையோரச் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால், அவ்வூர் ஜனங்களின் சுபாவம் பாதி புலப்பட்டுவிடும். வெந்நீர்க் குடுவையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுரைக்குடுக்கையிலிட்ட மாத்தே இலையின் கஷாயத்தை உலோகக் குழலால் உறிஞ்சியபடி, உரக்கப் பேசாமலும் அவசரப்படாமலும், ஆணும் பெண்ணும் நதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உடையில் ஆடம்பரமில்லை; நடையில் ஆர்ப்பாட்டமில்லை. வெட்கமும் சிறிது விசனமும் கலந்த இந்த மனிதர்களா நாற்பது நாள் உற்சவம் கொண்டாடுகிறவர்கள் என்ற சந்தேகம் எவருக்கும் எழத்தான் செய்யும்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளுள் மத விஷயத்தில் மிகவும் பட்டும் படாமலும் இருப்பது உருகுவேதான். அரசையும் திருச்சபையையும் பிரித்த அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 1919ஆம் ஆண்டிலேயே பண்டிகை விடுமுறைகளின் பெயர்களையும் அவர்கள் மாற்றிவிட்டார்கள். அரசாங்க நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் என்பது குடும்ப தினம். ஏசுபிரான் சிலுவையில் அறையப்பட்டதை நினைவுகூரும் புனித வாரமோ சுற்றுலா வாரம். இப்படித் தெய்வத்தையே மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவந்த அதிகாரிகள், உபவாச காலத்துக்கு முன்வரும் கேளிக்கையாகிய கார்னிவலை மட்டும் தொடவில்லை. உபவாசம் போய்விட்டது, அதற்கு முந்திய கூத்து நிலைத்துவிட்டது, நிலைத்ததோடல்லாமல், ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை, உலகத்திலேயே நீளமான கார்னிவல் இதுதான் என்று அவர்கள் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தும்விட்டது.

நகரத்தின் நடுநாயகமான சுதந்திரச் சதுக்கத்தின் ஓரத்தில் பலாசியோ சால்வோ என்ற கட்டடம் நிற்கிறது. மாரியோ பலாந்தி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரின் கற்பனையில் எழுந்து, 1928இல் திறக்கப்பட்டபோது தென்னமெரிக்காவிலேயே உயரமானதாக இருந்த அந்தக் கோபுரத்தை அழகென்பதா, அவலட்சணம் என்பதா என்று ஊரார் இன்னும் தீர்மானித்தபாடில்லை. எனக்கு அது, பல தேசத்துப் பலகாரங்களை ஒரே தட்டில் அடுக்கிய விருந்துபசாரம் போலப்பட்டது. அந்த இடத்தில் முன்னொரு காலத்தில் லா கிரால்டா என்ற காப்பிக்கடை இருந்தது. ஹெரார்டோ மாத்தோஸ் ரொத்ரீகெஸ் என்ற, இருபது வயதுகூட நிரம்பாத கட்டடக்கலை மாணவன், மாணவர் சங்கத்துக் கார்னிவல் கோஷ்டி வீதியில் நடந்துபோவதற்காக இயற்றிய ஓர் அணிநடை மெட்டை, அங்கே வாசிக்க வந்திருந்த ரொபெர்த்தோ ஃபிர்போ என்ற வித்வான் தாங்கோவாகத் திருத்தி அரங்கேற்றினார். அதுவே லா கும்பர்சீத்தா. உலகத்தில் எந்த மூலையில் தாங்கோ ஆடினாலும் இறுதி நடனத்துக்கு வாசிக்கப்படும் மெட்டு அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. 1924இல் அர்ஜென்டினாக்காரர் இருவர் அதற்குச் சொல் எழுதிச் சேர்க்க, கார்லோஸ் கார்தெல் அதைப் பாடிப் பரப்ப, மெட்டின் உரிமைக்காக மாத்தோஸ் ரொத்ரீகெஸ் வாழ்நாளில் பல ஆண்டுகளை வியாஜ்யத்தில் செலவிட நேர்ந்தது. 1998இல் உருகுவே அரசு அதைத் தன் பண்பாட்டு கீதமாகச் சட்டம் போட்டு அங்கீகரித்தது. தாங்கோவுக்கு உரியவர் யார் என்று புவெனஸ் அயர்ஸ்காரரோடு மொண்டெவிடியோக்காரர் நடத்தும் ஓயாத வழக்கில் இந்தச் சட்டமும் ஒரு சாட்சிப் பத்திரம். என் அபிப்பிராயத்தில், அந்த மெட்டைப் பற்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரே ஒரு கார்னிவலில் பிள்ளைகள் நடந்துபோவதற்கென்று செய்யப்பட்டது அது, நிலைத்தது தற்செயல்.

சதுக்கத்திலிருந்து தெற்கே, நதியை நோக்கிச் சில வீதிகள் இறங்கினால் பார்ரியோ சூர், அதையடுத்துப் பலெர்மோ என்ற இரண்டு பேட்டைகள் வரும். பிப்ரவரியில் இரண்டு இரவுகள் அங்கே நடைபெறும் ஷமாதாஸ் என்ற முரசு ஊர்வலத்தைக் காணப் போகிறவர்கள், ஊர்வலம் தொடங்கிய பிறகு போவதைக் காட்டிலும், அந்தி சாயும் வேளையிலேயே போவது உத்தமம். வீதி ஓரங்களில் விறகையும் பழங்காகிதத்தையும் கொளுத்தி, அந்தத் தீயைச் சுற்றி முரசுகளைச் சாய்த்துவைத்துத் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருப்பார்கள். பறையை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்க்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு அந்தக் காட்சியில் விளக்கம் தேவையில்லை. ஒருவர் தட்டிப் பார்ப்பார், தலையசைப்பார், மறுபடி தீயருகே வைப்பார். குழந்தைகள் அவர்கள் காலிடையே ஓடிக்கொண்டிருக்கும். மாடி முகப்புகளில் நாற்காலிகள் போடப்படும். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

காண்டோம்பே என்று பெயர்பெற்ற இந்தச் சங்கீதத்துக்கு வாத்தியம் மூன்றே முரசுகள். சீக்கோ என்ற சிறிய முரசு, உச்ச ஸ்தாயியில், இமை கொட்டாமல் ஒரே சொற்கட்டைத் திருப்பித் திருப்பி ஒலிக்கும். பியானோ என்று வழங்கும் பெரிய முரசு, பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், அடிவயிற்றிலிருந்து பேசி நடையைத் தாங்கும். நடுத்தர அளவினதாகிய ரெபிக்கே இவ்விரண்டுக்கும் இடையே புகுந்து, கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் சண்டைக்கு இழுத்தும் மனோதர்மம் காட்டும். ஒரு கையில் கோல், மறு கை வெறுங்கை. தோள்வாரில் தொங்கும் முரசின் மரப்பக்கத்தையும் இடையிடையே கோலால் தட்டித் தாளத்தின் எலும்புக்கூட்டை நினைவூட்டுவார்கள். ஐம்பது அறுபது முரசுகள் வரிசை வரிசையாக, குறுகிய வீதியில், இருபுறச் சுவர்களும் எதிரொலிக்கும்படி மெல்ல நடந்து வரும்போது, அந்த ஓசையைச் செவி கேட்கிறது என்று சொல்வதைவிட விலா எலும்புகள் கேட்கின்றன என்று சொல்வதே பொருத்தம். பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, இது குவாரெய்ம் வீதி வாசிப்பு, இது அன்சினா வாசிப்பு, இது கொர்தோன் வாசிப்பு என்று பாணி பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

முரசுகளுக்கு முன்னால் சில பாத்திரங்கள் ஆடிக்கொண்டு வருகிறார்கள். விசிறியும் குடையுமாக இடுப்பை ஒசித்து வரும் மாமா பியேகா என்ற மூதாட்டி. வெண்தாடியும் உயர்தொப்பியும் மருந்துப் பெட்டியுமாக, நடுங்கும் கால்களைத் தாளத்துக்கு நடுங்கவைக்கும் கிரமிலேரோ என்ற கிழட்டு மூலிகை வைத்தியர். சிறு துடைப்பத்தை விரலிலும் தோளிலும் சுழற்றிக் கண்கட்டு வித்தை காட்டும் எஸ்கொபேரோ. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் சந்ததியார், தங்கள் முன்னோரை இந்த மூன்று உருவங்களில் வைத்துப் பூஜிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தென்கோடிப் பிரதேசங்களுக்கெல்லாம் அடிமைகளை இறக்கும் துறைமுகமாக ஸ்பெயின் ஆட்சியில் இருந்த ஊர் மொண்டெவிடியோ. 1842இல் சட்டம் அவர்களை விடுவிக்கும் முன்பே, ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளில், கறுப்பரான பல்தசார் அரசரைச் சாக்கிட்டு, தத்தம் குலத்து அரசனையும் அரசியையும் முடிசூட்டி முரசறைந்து ஆடுவது அவர்கள் வழக்கம். தூக்கம் கெடுகிறது, ஒழுக்கம் கெடுகிறது என்று கனவான்கள் முறையிட்டதும், ஆட்டத்துக்குத் தடைகள் பிறந்ததும் பழைய கதை. அந்த ஜனவரி 6 இன்றும் முரசு நாள்தான்.

இவ்வளவு முரசுகளும் வளர்ந்த இடம் கோன்வென்தீயோ என்னும் ஒண்டுக் குடித்தன வீடுகள். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கொரு குடும்பம். அவற்றுள் பிரசித்தமானது குவாரெய்ம் வீதியில் 1885இல் எழுந்த மேதியோ முந்தோ. 1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவ அதிகாரம், கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது என்று காரணம் காட்டி, அங்கிருந்தோரை வெளியேற்றி அதைத் தகர்த்துவிட்டது. 1978 டிசம்பர் 3ஆம் தேதி அந்த முற்றத்தில் கடைசித் தடவையாக முரசு கொட்டினார்கள். அன்சினா குடியிருப்பும் அதே கதியை அடைந்தது. குடும்பங்கள் நகரத்தின் தூரப் பேட்டைகளுக்குச் சிதறின. சிதறடித்தவர்கள் எதிர்பாராதது ஒன்று நேர்ந்தது. போன இடமெல்லாம் முரசும் போயிற்று. முன்பு இரண்டு மூன்று பேட்டைகளின் சொத்தாக இருந்த வாசிப்பு, இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தப் பேட்டையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் கேட்கிறது. 2006இல் டிசம்பர் 3ஐக் காண்டோம்பேயின் தேசிய தினமாகச் சட்டம் அறிவித்தது. 2009இல் யுனெஸ்கோ அதை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இடிக்கப்பட்ட வீட்டை எந்தச் சட்டமும் திரும்பக் கட்டவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் ஆப்பிரிக்க வம்சத்தவர் நூற்றுக்கு எட்டுப் பேர்தான்; முரசு வரிசைகளிலோ வெள்ளையர் ஏராளம். அதில் பிழையில்லை, சங்கீதம் தொற்றுகிற வஸ்து. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார இளைஞர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பராக வேஷமிட்டுக் கோஷ்டி கட்டிய வழக்கத்தின் நினைவாக, கார்னிவல் போட்டியில் முரசுக் கோஷ்டிப் பிரிவுக்கு வழங்கும் பெயரிலே லுபோலோஸ் என்று அந்த வேஷதாரிகளும் கறுப்பருக்குச் சமமாக இடம்பெற்றிருப்பது எனக்குச் சற்று உறுத்தியது. உடன் நின்றவர்களிடம் கேட்டபோது, சிலர் அது பாசத்தின் அடையாளம் என்றார்கள்; கறுப்பரான ஒரு முதியவர், பாசமுள்ளவர்கள் வீட்டு வாடகைக்கும் சிபாரிசு செய்திருக்கலாமே என்று சிரித்தார்.

இந்த வீதிகளைச் சித்திரத்தில் கொண்டுவந்தவர்கள் இருவரைக் குறிப்பிட வேண்டும். பேத்ரோ ஃபிகாரி வக்கீல். மரண தண்டனையை எதிர்த்து வாதாடியவர். அறுபதை எட்டும் வயதில் வக்கீல் தொழிலை உதறிவிட்டுத் தூரிகையைப் பிடித்து, தம் பால்யத்தில் பார்த்த காண்டோம்பே ஆட்டங்கள் முதலியவற்றை அட்டைகளின்மேல் ஆயிரக்கணக்கில் தீட்டித் தள்ளினார். அவர் படங்களில் முகங்கள் தெளிவாக இரா, அசைவு இருக்கும். கார்லோஸ் பாயெஸ் விலாரோவோ மேதியோ முந்தோவிலேயே ஓர் அறை பிடித்து வேலை செய்து, முரசுகளுக்கு வர்ணம் தீட்டி, முதிய வயதிலும் தோளில் முரசை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தவர். ஆயினும் உருகுவேயின் சித்திரக் கலைக்கு மூலபுருஷர் என்று சொல்லத் தக்கவர் ஹொவாக்கின் தோர்ரெஸ் கார்சியா. பதினேழு வயதில் புறப்பட்டுப் பார்சிலோனா, நியூயார்க், பாரிஸ் எல்லாம் சுற்றி, கட்டடக் கலைஞர் கௌதியின் கட்டடங்களில் வேலை பார்த்து, மரப் பொம்மைகள் செய்து விற்றுப் பிழைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு 1934இல் ஊர் திரும்பி, இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பட்டறை நடத்தியவர். தென்முனையை மேலே வைத்துத் தென்னமெரிக்காவைத் தலைகீழாக அவர் 1943இல் வரைந்த சிறு கோட்டோவியம், பழைய நகரின் சராந்தி வீதியில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்குப் போகாதவர்களுக்கும் தெரியும்; பைகளிலும் பனியன்களிலும் அது அச்சாகாத கடை இல்லை. அவருடைய பெரிய படைப்புகள் பல 1978இல் ரியோ டி ஜனைரோவில் கண்காட்சிக்குச் சென்ற இடத்தில் தீக்கிரையாயின. எஞ்சியவற்றுள் ஒன்று அந்தச் சிறு படம்.

நகரில் பெரிய அரங்கங்களும் இல்லாமலில்லை. 1856இல் வெர்தியின் இசை நாடகத்தோடு திறக்கப்பட்ட சொலீஸ் அரங்கம் கம்பீரமானது; பார்த்தேன்; வெளியே வந்தேன். என் மனம் அதில் நிற்கவில்லை. பாடகர்கள் விஷயத்தில்தான் நின்றது. அல்ஃப்ரெதோ சித்தர்ரோசா என்ற பெயரை அங்கே உச்சரிக்கும்போது முதியவர்களின் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. வானொலி அறிவிப்பாளராக இருந்து, 1964இல் பெரு நாட்டுத் தொலைக்காட்சியில் ஏறக்குறையத் தற்செயலாகப் பாடகரானவர். கறுப்புக் கோட்டும் படிய வாரிய தலையுமாக, நான்கு கித்தார்களை அருகே நிறுத்தி, மிலோங்கா என்ற கிராமத்துப் பாட்டை நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போன்ற கனத்த குரலில் பாடினார். சர்வாதிகாரிகள் அவர் பாட்டைத் தடுத்து அவரையும் நாடுகடந்து போகச் செய்தார்கள். 1984 மார்ச் 31இல் அவர் திரும்பியபோது விமான நிலையத்திலிருந்து நகரம் வரை ஜனசமுத்திரம். அதற்குப் பின் ஐந்து ஆண்டுகளே உயிரோடிருந்தார்.

எடுவார்தோ மாத்தேயோ வேறு ஜாதி. காண்டோம்பே முரசையும் பீட்டில்ஸ் கித்தாரையும் ஒன்று கலந்தவர்களுள் முதல்வர். புவெனஸ் அயர்ஸில் ஓர் இசைத்தட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தவர், வேலை முடியுமுன் எழுந்து ஊருக்குப் போய்விட, கிடைத்த பதிவுகளைக் கொண்டு ஒலிப்பதிவாளர் தொகுத்ததே 1972இல் வெளியான அவருடைய பிரசித்த இசைத்தட்டு. 1990இல் வறுமையில் இறந்தார். இன்றைக்கு அந்நாட்டில் கித்தாரைத் தொடுகிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. தொண்டை வைத்தியராயிருந்து பாடகராகி, 2005இல் ஸ்பானிய மொழிப் பாட்டுக்கு முதன்முதலாக ஆஸ்கார் பரிசு வாங்கித் தந்த ஹோர்ஹே திரெக்ஸ்லரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விழா மேடையில் அவர் பாட்டை வேறு நட்சத்திரங்களைக் கொண்டு பாடவைத்ததால், பரிசு வாங்க ஏறியவர் நன்றியுரைக்குப் பதிலாக இரண்டு அடிகளைப் பக்கவாத்தியமின்றிப் பாடிவிட்டு இறங்கினார். அது அசல் உருகுவே சுபாவம்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1956 டிசம்பரில் 10ஆம் அலைவரிசை தொடங்கியது. சில ஆண்டுகளில் 4, 12 ஆகியனவும் அரசாங்கத்துடைய 5உம் வந்தன. 1962இல் 12ஆம் அலைவரிசையில் தெலெகத்தப்லூம் என்ற ஹாஸ்ய நிகழ்ச்சி பிறந்து, ரிகார்தோ எஸ்பல்த்தெர் முதலான அபாரமான நடிகர்களை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தது. நிகழ்ச்சி நன்றாயிருந்ததே அதற்கு வினையாயிற்று. நதிக்கு அப்பால் ஜனத்தொகை பன்மடங்கு, விளம்பரப் பணமும் பன்மடங்கு. அந்த ஹாஸ்ய நடிகர்கள் புவெனஸ் அயர்ஸுக்குப் போய் வேறு வேறு பெயர்களில் அங்கே பல ஆண்டுகள் சிரிக்கவைத்தார்கள். சிறிய நாட்டில் திரைக்குள் புகுந்த கலை பெரிய நாட்டை நோக்கி நழுவுகிறது. கார்னிவல் மேடையில் பிறக்கிற ஹாஸ்யமோ நதியைத் தாண்ட முடியாது. ஏனெனில் அது கேலி செய்கிற நகரசபை உறுப்பினரும், பேருந்துக் கட்டணமும், தோற்றுப்போன கால்பந்து அணியும் அக்கரையில் எவருக்கும் தெரியாது. இந்தக் குறைதான் அதைக் காத்தது என்பது என் துணிபு.

அந்தக் கலைக்குப் பெயர் முர்கா. 1908ஐ ஒட்டி ஸ்பெயினின் காதிஸ் நகரத்து நாடகக் கோஷ்டி ஒன்று மொண்டெவிடியோவில் வசூலாகாமல் தவித்து, வயிற்றுப் பாட்டுக்காக வீதியில் இறங்கிப் பாடியதாகவும், அதைப் பரிகசித்து உள்ளூர்க்காரர்கள் மறுஆண்டு தாங்களும் ஒரு கோஷ்டி கட்டியதாகவும், பரிகாசம் செய்ய வந்தவர்கள் பரிகாசத்தையே தொழிலாக்கிக்கொண்டதாகவும் வரலாறு சொல்கிறார்கள். இன்று முர்கா என்றால் பதினேழு பேருக்கு மேற்படாத ஒரு கூட்டம். கோமாளியின் முகப்பூச்சு, வெல்வெட்டும் மினுக்குத் தகடுமாகத் தோளைவிட அகலமான உடை, தலையில் கோபுரம் போன்ற தொப்பி. பக்கவாத்தியம் பெரிய முரசு, கைத்தாளம், சிறு பறை ஆகிய மூன்று மட்டும். அரைவட்டமாக நின்று நான்கைந்து சுருதிக் கட்டுகளில் அவர்கள் பாட, நடுவே இயக்குநர் முதுகைக் காட்டிக்கொண்டு கைகளால் குரல்களை வாரி இறைப்பார். குரல் இனிமையானதென்று சொல்ல மாட்டேன். மூக்கிலிருந்தும் தொண்டையின் விளிம்பிலிருந்தும் எறியப்படும் தகரக் குரல். பத்திரிகை விற்கும் பையன்கள் தெருமுனையில் கூவிய குரலிலிருந்து வந்தது என்பார்கள். முதல் ஐந்து நிமிஷம் காது கூசும். பிறகு அதைத் தவிர வேறு குரலில் அந்தச் சொற்களைக் கேட்க மனம் ஒப்பாது.

முக்கால் மணி நேர அளவில் நடக்கும் அந்த நிகழ்ச்சிக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் சபைக்கு வணக்கம். அடுத்து, கடந்த ஆண்டில் நாட்டில் நடந்தவற்றையெல்லாம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு மெட்டுகளில் புதுச் சாகித்தியம் ஏற்றிக் கிண்டல் செய்யும் கதம்பம். பிறகு கூப்ளே என்ற பகுதி. ஒரே விஷயத்தை, அது மந்திரியாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், எடுத்துக்கொண்டு, ஒரு கோமாளி நடித்துக்காட்டக் கூட்டம் அவனோடு வழக்காடும். கடைசியில் ரெதிராதா என்னும் விடைபெறும் பாட்டு. இவ்வளவு நேரம் ஒருவரையும் விட்டுவைக்காமல் குதறிய வாய்கள், அப்போது திடீரென்று, அடுத்த கார்னிவலுக்கு யார் இருப்போமோ யார் இருக்கமாட்டோமோ என்ற பாவத்தில் உருகிப் பாடத் தொடங்கும். பாடிக்கொண்டே மேடையைவிட்டு இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, கைகுலுக்கியும் குழந்தைகளின் கன்னத்தில் தம் முகப்பூச்சை அப்பியும் போவார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த கசாப்புக்கடைக்காரர் போன்ற ஒரு பீமசேனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே சாசேஜ் ரொட்டி வாங்க எழுந்துபோனார்.

அந்தச் சாகித்தியம் அடுத்த ஆண்டுக்கு உதவாது. ஆண்டு முழுவதும் எழுதி, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, நாற்பது நாள் பாடி, அதோடு கைகழுவிவிட்டு மறுபடி வெற்றுத் தாளில் தொடங்க வேண்டும் என்பதே முர்காவின் சட்டம். நிலைத்து நிற்பதையே கலைக்கு லட்சணமாகக் கருதிப் பழகிய என் போன்றவர்களுக்கு இது வீண் விரயமாகத் தோன்றலாம். அங்கே சில இரவுகள் உட்கார்ந்த பின் எனக்குத் தோன்றியது வேறு: செலவழிந்துபோகும் என்று தெரிந்ததனாலேயே அவர்கள் அந்த ஆண்டின் ஆத்திரத்தையும் ஆசையையும் மிச்சம் வைக்காமல் அதில் போட்டுவிடுகிறார்கள். 1934ஐ ஒட்டித் தோன்றிய அராகா லா கானா, 1980இல் எழுந்த ஃபால்த்தா இ ரெஸ்தோ, ரெய்னா தே லா தேஹா ஆகிய முர்காக்கள் சர்வாதிகார காலத்தில் பாடியபோது, சாகித்தியத்தை முன்கூட்டியே தணிக்கை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதிகாரிக்குத் தாளில் இருந்த சொற்கள்தான் தெரியும். மேடையில் ஒரு சொல்லுக்கு முன் விடுகிற மௌனமும், தூக்குகிற புருவமும் தாளில் இல்லை. கேட்பவர்களோ அந்த மௌனத்துக்குத்தான் கை தட்டினார்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய ஹைமே ரோஸ், இந்தக் கூட்டுக் குரலை வீதியிலிருந்து இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தார். 1985இல் கனாரியோ லூனா என்ற முர்காப் பாடகரின் சரளைக்குரலில் அவர் வெளியிட்ட பிரிந்திஸ் போர் பியெர்ரோத் என்ற பாட்டு, கார்னிவல் இல்லாத மாதங்களிலும் ஒலிக்கும்படி ஆயிற்று.

முர்காக்கள் பாடுகிற மேடைக்குத் தப்லாதோ என்று பெயர். ஒரு காலத்தில் அயலகத்தார் சேர்ந்து பலகையும் பீப்பாயும் கொண்டு தெருமுனை தோறும் கட்டிய அவை, இப்போது எண்ணிக்கையில் மிகக் குறைந்து, சங்கங்களின் மைதானங்களிலும் நகரசபைத் திடல்களிலும் நிற்கின்றன. ஒரே இரவில் ஒரு கோஷ்டி மூன்று நான்கு தப்லாதோக்களில் பாட வேண்டியிருப்பதால், முகப்பூச்சுக் கலையாமல் பேருந்தில் ஏறி ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும் பேருந்தின் ஜன்னலில் பதினேழு கோமாளிகள் கொட்டாவி விடுவதைக் கண்டால், அவ்வூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோஷ்டிகளெல்லாம் மோதிக்கொள்ளும் போட்டி, ரோதோ பூங்காவை ஒட்டி நதிக்கு எதிரே உள்ள ரமோன் கொல்லாசோ கோடை அரங்கில், வானமே கூரையாக, பல வாரங்கள் நடக்கிறது. முர்காவோடு, பகடி நாடகம் போடும் பரோதிஸ்தா, ஹாஸ்யக் கோஷ்டி, ஆடல்பாடல் காட்டும் ரெபிஸ்தா, முரசுக் கோஷ்டி என்று ஐந்து பிரிவுகள். நடுவர்கள் குரல், சாகித்தியம், உடை, முகப்பூச்சு என்று தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்களே நிரம்பியிருந்த முர்காவின் அரைவட்டத்தில் இப்போது பெண்களும் நிற்கிறார்கள். இன்னும் அதிகம் பேர் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி வலுத்திருக்கிறது. பழைய ரசிகர்களில் சிலர் ஒலியின் நிறம் மாறிவிடும் என்கிறார்கள். நான் கேட்ட மட்டில் மாறியிருந்தது, கெட்டிருக்கவில்லை.

தீர்ப்பு வெளியாகும் இரவில் ஊர் தூங்குவதில்லை. நான் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரியான அம்மாள், எழுபதைத் தாண்டியவர், தொலைக்காட்சியின் முன் மாத்தேக் கஷாயத்தோடு உட்கார்ந்தவர் எழவேயில்லை. பிரிவு பிரிவாக மதிப்பெண்களை வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில் முர்காப் பிரிவின் முதற்பரிசு அவர் பேட்டைக் கோஷ்டிக்கு இல்லையென்று தெரிந்ததும், வாசித்தவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பெட்டியை அணைத்துவிட்டார். காலையில் ரொட்டி கொண்டுவந்து வைத்தபோது, நடுவர்களுக்குக் காது கிடையாது என்று ஆரம்பித்தவர், எந்த அடியில் கீழ்ஸ்தாயிக்காரர்கள் எப்படி இறங்கினார்கள், மேல்ஸ்தாயிக்காரர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்று ஒவ்வொரு குரலையும் தாமே மாறி மாறிப் பாடி, மேஜையைச் சிறு பறையாக்கித் தட்டி, அந்நியனாகிய எனக்கு நிரூபித்துக் காட்டத் தொடங்கினார். மற்ற விடுதிவாசிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, ஒருவர் ஆமோதிக்க, ஒருவர் ஆட்சேபிக்க, அந்த விசாரணை பத்தரை மணி வரை நடந்தது.